டேவிட் போவி நடித்த படங்களில் முதலில் எதைப் பார்ப்பது?

டேவிட் போவியின் பாட்டெல்லாம் கேட்டாயிற்று, இனி நடிப்பையும் பார்க்கலாம் என்று நினைக்கிறவர் யாரிடம் கேட்டாலும் முதலில் வருகிற பதில் 'தி மேன் ஹூ ஃபெல் டு எர்த்'. 1976ல் நிக்கோலஸ் ரோக் எடுத்த படம், வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவனாகப் போவி. நல்ல படம்தான், நானும் பல தடவை பார்த்திருக்கிறேன், ஆனால் முதல் படமாக அதை யாருக்கும் சொல்ல மாட்டேன். நான் சொல்வது 1983ல் நாகிசா ஓஷிமா எடுத்த 'மெர்ரி கிறிஸ்துமஸ், மிஸ்டர் லாரன்ஸ்'. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் முதல் படம் சரியாக அமையாவிட்டால் "பாடகர்தானே, சும்மா வந்து அழகாக நின்றுவிட்டுப் போயிருக்கிறார்" என்று முடிவுகட்டிவிட்டு மற்ற படங்களைத் தேடிப் போகவே மாட்டோம், அது பெரிய நஷ்டம்.

முதலில் எதையெல்லாம் ஒதுக்கலாம் என்று பார்த்துவிடுவோம். சின்னச் சின்ன வேடங்கள், குரல் மட்டும் கொடுத்தவை, அவர் அவராகவே வந்து போனவை எல்லாம் சேர்த்தால் பட்டியல் நீளம். 2001ல் வந்த 'ஜூலாண்டர்' படத்தில் மாடல்களின் போட்டிக்கு நடுவராக ஒரு நிமிடம் வந்து நிற்பார், கைதட்டலாம், அவ்வளவுதான். 1978ல் வந்த 'ஜஸ்ட் எ ஜிகோலோ' படத்தில் பழைய ஹாலிவுட் நட்சத்திரம் மார்லினா டீட்ரிச்சும் இருக்கிறாரே என்று ஆசைப்பட்டு உட்கார வேண்டாம். டீட்ரிச் பாரிஸில் நடித்தார், போவி பெர்லினில் நடித்தார், இருவரும் ஒரே அறையில் பேசுவது போல ஒட்டிவைத்திருக்கிறார்கள். எல்விஸ் பிரெஸ்லியின் 32 படங்களையும் சேர்த்து உருட்டி ஒரே படமாக்கியது போல என்று போவியே பின்னால் அதைப் பற்றிச் சொன்னார். 'அப்சல்யூட் பிகினர்ஸ்' 1986ல் வந்தது, அதில் அவர் பாடிய தலைப்புப் பாட்டு பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போனது, பாட்டைக் கேட்டால் போதும்.

மிச்சம் இருப்பதில் உண்மையிலேயே போட்டி போடுகிறவை ஐந்தாறுதான்: ரோக்கின் படம், ஓஷிமாவின் படம், டோனி ஸ்காட்டின் 'தி ஹங்கர்', ஜிம் ஹென்சனின் 'லேபிரிந்த்', ஜூலியன் ஷ்னாபெலின் 'பாஸ்கியா', கிறிஸ்டோபர் நோலனின் 'தி பிரெஸ்டீஜ்'. கடைசிப் படத்தை நம்மில் பலர் ஏற்கெனவே பார்த்திருப்போம், அதில் நிக்கோலா டெஸ்லாவாக வருகிறவர் போவி என்று தெரியாமலேயே.

இவற்றை ஒப்பிடுவதற்கு முன் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். புகழ் வந்த பிறகு சினிமாவுக்கு இழுத்துவரப்பட்ட பாடகர் அல்ல இவர். 1947 ஜனவரி 8ஆம் தேதி லண்டன் பிரிக்ஸ்டனில் டேவிட் ஜோன்ஸாகப் பிறந்தவர். 'தி மங்கீஸ்' குழுவில் இன்னொரு டேவி ஜோன்ஸ் இருந்ததால் பெயரை மாற்றிக்கொண்டார். அறுபதுகளின் கடைசியில் பாட்டு ஒன்றும் எடுபடாமல் இருந்த நாட்களில் லிண்ட்சே கெம்ப் என்பவரிடம் மைம் கற்றுக்கொண்டு அவருடைய குழுவோடு மேடையேறினார். வசனம் இல்லாமல் உடம்பை மட்டும் வைத்து ஒரு பொருளை, ஒரு சுவரை, ஒரு ஆளை இருப்பதாகக் காட்டுகிற பயிற்சி அது. 'ஸ்பேஸ் ஆடிட்டி' பாட்டு வெளியான 1969க்கு முன்பே இதெல்லாம் நடந்துவிட்டது. 1972ல் ஜிகி ஸ்டார்டஸ்ட் என்ற கற்பனைப் பாத்திரமாக மேடையில் வாழ்ந்ததும், 1973 ஜூலை 3ஆம் தேதி ஹாமர்ஸ்மித் ஓடியன் மேடையில் அந்தப் பாத்திரத்துக்கு முடிவுரை எழுதியதும் அந்தப் பயிற்சியின் தொடர்ச்சிதான். அதனால் அவர் படங்களைப் பார்க்கும்போது வசனத்தை எப்படிச் சொல்கிறார் என்பதைவிட உடம்பை என்ன செய்கிறார் என்று கவனித்தால் நிறையக் கிடைக்கும். டைரக்டர்களிலும் இதைப் புரிந்துகொண்டவர்கள் எடுத்த படங்கள்தான் நிற்கின்றன.

சரி, ரோக்கின் படம். போவியைப் பற்றி பிபிசி 1975ல் ஒளிபரப்பிய ஓர் ஆவணப்படத்தில், அமெரிக்கப் பாலைவனச் சாலையில் ஓடும் காரின் பின்சீட்டில் தொப்பியும் வெளிறிய முகமுமாக உட்கார்ந்துகொண்டு அட்டைப் பெட்டியிலிருந்து பால் குடித்தபடி ஏதோ பேசிக்கொண்டிருப்பார். அதைப் பார்த்துத்தான் ரோக் அவரைத் தேர்ந்தெடுத்தார். ஏற்கெனவே 'பெர்ஃபார்மன்ஸ்' படத்தில் மிக் ஜாகரை வைத்து வேலை வாங்கியவர், பாடகர்களைப் பார்த்துப் பயப்படாதவர். கதை வால்டர் டெவிஸ் எழுதிய நாவல் (நெட்ஃபிளிக்ஸில் தொடராக வந்த 'தி குவீன்ஸ் காம்பிட்' நாவலும் அவர் எழுதியதுதான்). வறண்டுபோன தன் கிரகத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவதற்காக பூமிக்கு வரும் ஒருவன், தாமஸ் ஜெரோம் நியூட்டன் என்ற பெயரில் காப்புரிமைகளை விற்றுப் பெரும் பணக்காரனாகி, கடைசியில் ஜின்னிலும் தொலைக்காட்சியிலும் மூழ்கிப் போகிறான்.

1975 கோடையில் நியூ மெக்சிகோவில் எடுத்தார்கள். போவி அப்போது கொகெய்ன் பழக்கத்தில் இருந்தார், எலும்பும் தோலுமாக இருந்தார். படத்தின் ஆரம்பத்தில் மலைச்சரிவில் கற்கள் சரிய, கால்களைப் பழக்கமில்லாதவன் போல ஊன்றி ஊன்றி இறங்கி வருவார். ஒரு சின்ன ஊரின் கடையில் தங்க மோதிரம் ஒன்றை விற்பார், அது மனைவியின் மோதிரம் போல நமக்குத் தோன்றும், பரிதாபமாக இருக்கும். வெளியே வந்த பிறகு பார்த்தால் அவரிடம் அதே போல ஒரு கொத்து மோதிரங்கள் இருக்கும். அந்த ஒரு நகர்வில் ஆளைப் பற்றிய நம் எண்ணமே மாறிவிடும். லிஃப்டில் வேகம் தாங்காமல் மூக்கில் ரத்தம் வழிய மயங்கி விழுகிற காட்சியும், ஒரே அறையில் பல தொலைக்காட்சிகளை அடுக்கிவைத்து ஒரே நேரத்தில் பார்க்கிற காட்சியும் யார் பார்த்தாலும் மறக்காது. இதில் இருந்த அவருடைய படங்களே 'ஸ்டேஷன் டு ஸ்டேஷன்', 'லோ' இரண்டு ஆல்பங்களின் அட்டையிலும் வந்தன.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் முதலில் வேண்டாம் என்கிறேன்? இரண்டு காரணம். ஒன்று, படம் இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடும், காலம் முன்னும் பின்னுமாகத் தாவும், யாருக்கு எத்தனை வயதாயிற்று என்பதே சில இடங்களில் பிடிபடாது, போவி யார் என்று தெரிந்துகொள்ள உட்கார்ந்தவர் ரோக் யார் என்று தெரிந்துகொண்டு எழுந்திருப்பார். இன்னொரு காரணம்தான் எனக்கு முக்கியம். இதில் அவர் நடிக்கிறாரா, அப்போது இருந்தபடியே கேமரா முன் இருக்கிறாரா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. அந்த வேடத்துக்காகத் தனியாக ஏதும் செய்யவில்லை, அன்றைக்கு இருந்த தன்னையே அதில் போட்டேன் என்ற அர்த்தத்தில் அவரும் பிற்பாடு பேசியிருக்கிறார். எனக்கு அதில் குறையேதும் இல்லை, அந்தப் பொருத்தம்தான் படத்தின் பலம். ஆனால் இவர் நடிகரா என்ற கேள்வியோடு வருகிறவருக்கு அந்தப் படம் பதில் தராது, வேற்றுக்கிரகவாசி போலவே இருந்த மனிதரை வேற்றுக்கிரகவாசியாகப் போட்டிருக்கிறார்கள் என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொன்ன இடம் சினிமா அல்ல, நாடக மேடை. 1980ல் 'தி எலிஃபன்ட் மேன்' நாடகத்தில் ஜோசப் மெரிக் வேடம். உடல் முழுக்க உருக்குலைந்த, விக்டோரியா காலத்து லண்டனில் கண்காட்சிப் பொருளாக வைக்கப்பட்ட மனிதர். அந்த நாடகத்தின் விதியே ஒப்பனை கூடாது என்பதுதான். முகத்தில் எதையும் ஒட்டாமல், முதுகையும் இடுப்பையும் வாயையும் கோணலாக்கி மட்டுமே அந்த உருவத்தைக் காட்ட வேண்டும். டென்வரில் தொடங்கி, சிகாகோ போய், நியூயார்க் பிராட்வேயில் 1981 ஜனவரி வரை நடித்தார். நடுவில் 1980 டிசம்பர் 8ஆம் தேதி அதே நியூயார்க்கில் அவருடைய நண்பர் ஜான் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார், அதற்குப் பிறகும் மேடையேறி மிச்ச நாட்களை நடித்து முடித்தார். இந்த நாடகத்திலிருந்து சில சின்ன வீடியோத் துண்டுகள்தான் நமக்குப் பார்க்கக் கிடைக்கின்றன. எனவே இதைத் தேர்வில் சேர்க்க வழியில்லை. ஆனால் அந்த அரங்கில் உட்கார்ந்து பார்த்தவர்களில் ஒருவர் நாகிசா ஓஷிமா.

'மெர்ரி கிறிஸ்துமஸ், மிஸ்டர் லாரன்ஸ்' 1942ல் ஜாவாவில் ஜப்பானியர் நடத்திய போர்க்கைதிகள் முகாமில் நடக்கிற கதை. (சயாம் மரண ரயில் கதைகளைக் கேட்டு வளர்ந்த மலேசியத் தமிழர்களுக்கு இந்த முகாம் வேறு மாதிரி கனக்கும். படத்தில் இருப்பவர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள்தான், தோட்டங்களிலிருந்து தண்டவாளம் போடக் கொண்டுபோகப்பட்ட நம்மவர்கள் இதில் இல்லை, அந்த எதிர்பார்ப்போடு போக வேண்டாம்.) லாரன்ஸ் வான் டெர் போஸ்டின் கதைகளை வைத்து எழுதியது. போவிக்கு மேஜர் ஜாக் செல்லியர்ஸ் வேடம். முகாமின் தலைவன் கேப்டன் யோனோயாக ரியூயிச்சி சகமோட்டோ, சார்ஜன்ட் ஹாராவாக டகேஷி கிடானோ, இரு பக்கத்து மொழியும் தெரிந்து நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கிற லாரன்ஸாக டாம் கான்டி. சகமோட்டோ இசைக்கலைஞர், அதற்கு முன் சினிமாவில் நடித்ததில்லை, இந்தப் படத்தின் இசையும் அவருடையதே. கிடானோ அப்போது தொலைக்காட்சிக் காமெடியன். ஆக நான்கு முக்கிய வேடங்களில் மூன்றுக்கு ஓஷிமா நடிப்புக்கு வெளியிலிருந்து ஆள் எடுத்திருக்கிறார். அதனால்தான் போவி இதில் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியவில்லை. ஒரு பாடகரைப் பெரிய நடிகர்கள் நடுவில் நிறுத்தினால் எல்லோரும் அவரைத் தாங்கிப்பிடிப்பது போல இருக்கும், இங்கே யாரும் யாரையும் தாங்கவில்லை.

அதில் ஒரு காட்சியைச் சொல்கிறேன். செல்லியர்ஸுக்கு மரண தண்டனை, விடிந்ததும் சுடப் போகிறார்கள். அறைக்குள் ஒன்றும் இல்லை. காவலர்கள் வந்து நிற்கிறார்கள். அவர் சுவரைப் பார்த்து நின்று, இல்லாத கண்ணாடியில் முகம் பார்த்து, இல்லாத நுரையைத் தடவி, இல்லாத சவரக்கத்தியால் கன்னத்தை மழிக்கத் தொடங்குகிறார். தாடையைத் தூக்கி, உதட்டை இழுத்துப் பிடித்து, நுரையை உதறி, நிதானமாக. அப்புறம் இல்லாத கோப்பையில் தேநீர், இல்லாத சிகரெட். வீட்டில் ஒரு சாதாரணக் காலை எப்படிப் போகுமோ அப்படி. வேறு நடிகர் இதைச் செய்திருந்தால் வீரம் காட்டுவது போலவோ, புத்தி பேதலித்தது போலவோ ஆகியிருக்கும். போவி முகத்தில் எதையும் காட்டுவதில்லை, வேலையை ஒழுங்காகச் செய்கிறார், அவ்வளவுதான். லிண்ட்சே கெம்பிடம் கற்றது பதினைந்து வருடம் கழித்து இங்கே வந்து பயன்பட்டிருக்கிறது. சாகப்போகிறவன் தன் காலைப் பொழுதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மறுக்கிறான் என்பது ஒரு வசனம்கூட இல்லாமல் நமக்குப் புரிகிறது.

இன்னொன்று, முகாம் முழுக்க உண்ணாநோன்பு இருக்க வேண்டும் என்று யோனோய் உத்தரவு போட்ட பிறகு, செல்லியர்ஸ் சிவப்புப் பூக்களைப் பறித்துக்கொண்டு வருவதும் அவன் எதிரிலேயே ஓர் இதழை வாயில் போட்டு மெல்லுவதும். யோனோய் இந்த மனிதனைப் பார்த்த நொடியிலிருந்து தடுமாறுகிறான், அது ஈர்ப்பா பயமா என்று அவனுக்கே தெரியவில்லை. செல்லியர்ஸுக்கு அது தெரியும். தெரிந்ததைப் போவி கண்ணை மட்டும் வைத்துக் காட்டுகிறார். பள்ளி வயதில் நண்பனிடம் வாங்கிய குத்தில் ஒரு கண்ணின் பாவை நிரந்தரமாக விரிந்துபோனது, இரண்டு கண்ணும் இரண்டு நிறம் போலத் தெரியும், ஓஷிமா அந்த முகத்தை அவசரப்படாமல் காட்டுகிறார். படத்தின் உச்சக்கட்டத்தில் கைதிகளின் வரிசையிலிருந்து செல்லியர்ஸ் தனியாக வெளியே நடந்து வருவார். எதற்கு வருகிறார், வந்து என்ன செய்கிறார் என்பதைச் சொல்லப் போவதில்லை. நடையை மட்டும் கவனியுங்கள், சிப்பாயின் நடை அல்ல, மேடைக்கு வருகிறவரின் நடை, அந்த இடத்தில் அதுதான் வேண்டும்.

குறை இல்லாத படம் என்று சொல்லவில்லை. செல்லியர்ஸின் பழைய நினைவுகள் வருகிற பகுதியில் பள்ளி மாணவனாகவும் போவியே வருகிறார், முப்பத்தைந்து வயது ஆளுக்குப் பள்ளிச் சீருடை ஒட்டவே இல்லை, அந்தப் பத்து நிமிடம் படம் தொய்கிறது. சகமோட்டோவின் ஆங்கில உச்சரிப்பைப் பிடிப்பது கஷ்டம், சப்டைட்டில் போட்டுக்கொண்டே பாருங்கள். வயிற்றைக் கிழித்துக்கொள்கிற காட்சிகள் உண்டு, குழந்தைகளோடு உட்கார முடியாது. ஆனால் கதை நேராகப் போகும், இரண்டு மணி நேரச் சொச்சத்தில் முடியும், போவி பாடகர் என்பதே தெரியாதவர் பார்த்தாலும் "யார் இந்த ஆள்?" என்று கேட்பார். அந்த வருடம் கான் விழாவின் போட்டிப் பிரிவில் இருந்தது, தங்கப் பனை இன்னொரு ஜப்பானிய இயக்குநரான இமாமுராவுக்குப் போனது. சகமோட்டோவின் இசைக்கு பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. அதே 1983ல்தான் போவியின் 'லெட்ஸ் டான்ஸ்' ஆல்பம் வந்து உலகம் முழுக்க ஓடியது என்பதை நினைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், ஒரே வருடத்தில் எல்லோரும் ஆடுகிற பாட்டையும் தந்து, இப்படி ஒரு படத்திலும் நின்றிருக்கிறார்.

அதே வருடம் வந்த இன்னொரு படம் 'தி ஹங்கர்'. கேத்தரின் டெனவ், சூசன் சரண்டன், போவி மூவரும் இருக்கிற ரத்தக்காட்டேரிக் கதை, டோனி ஸ்காட்டின் முதல் முழுநீளப் படம். பாதிக்கு முன்பே போவியின் பங்கு கிட்டத்தட்ட முடிந்துவிடும். நூற்றாண்டுகளாக இளமை மாறாமல் இருந்தவன், டாக்டரைப் பார்க்க வந்து காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கும்போதே மணிக்கு மணி கிழவனாகிக்கொண்டு போகிற காட்சி ஒன்று இருக்கிறது, தலைமுடி கையோடு வருகிறது, அருகில் யாரும் கவனிக்கவில்லை. அந்தக் காட்சிக்காகப் பார்க்கலாம். மிச்சம் எல்லாம் புகையும் திரைச்சீலையும்.

'லேபிரிந்த்' பற்றிக் கொஞ்சம் யோசித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தப் படத்தில் மட்டும்தான் பாடகர் போவியும் நடிகர் போவியும் ஒரே ஆளாக வருகிறார்கள். 1986, ஜிம் ஹென்சனின் பொம்மைகள், ஜார்ஜ் லூக்காஸின் தயாரிப்பு மேற்பார்வை, பதின்பருவத்து ஜெனிஃபர் கானலி, பூதங்களின் ராஜா ஜாரெத்தாகப் போவி. ஐந்து பாட்டு எழுதினார், நான்கைத் தானே பாடினார். வெளியானபோது ஓடவில்லை, 2.5 கோடி டாலர் செலவில் பாதியைத்தான் அமெரிக்கத் திரையரங்குகளில் எடுத்தது. அப்புறம் வீடியோ கேசட்டில் ஒரு தலைமுறைக் குழந்தைகள் அதைத் தேயத்தேயப் பார்த்தார்கள். ஜாரெத்தின் விரல்களில் கண்ணாடிக் கோளங்கள் உருண்டு விளையாடுமே, அது போவியின் கை அல்ல, மைக்கேல் மோஷன் என்ற வித்தைக்காரர் அவருக்குப் பின்னால் ஒளிந்து நின்று, எதையும் பார்க்க முடியாமலேயே தன் கையை முன்னே நீட்டிச் செய்தது. இது தெரிந்த பிறகு பார்த்தால் இன்னும் பிடிக்கும், பின்னால் ஒருவர் இடித்துக்கொண்டு நிற்கும்போது முன்னால் இருப்பவர் ராஜா போல அசையாமல் நிற்க வேண்டுமல்லவா. வீட்டில் எட்டு, பத்து வயதுக் குழந்தைகள் இருந்து அவர்களோடு சேர்ந்து பார்க்கப் போகிறீர்கள் என்றால் நான் மேலே சொன்னதையெல்லாம் விட்டுவிட்டு இதையே போடுங்கள். தனியாகப் பார்க்கும் பெரியவருக்கு இது இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வரட்டும்.

நடுவில் ஒன்று, 1985ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வில்லன் வேடத்துக்கு இவரைத்தான் கேட்டார்கள். மறுத்துவிட்டார், அது கிறிஸ்டோபர் வாக்கனுக்குப் போனது. காசும் பெயரும் வருகிற வேடத்தை விட்டுவிட்டு, 1988ல் மார்ட்டின் ஸ்கோர்செஸியின் ஏசு படத்தில் சில நிமிடமே வருகிற பொந்தியு பிலாத்துவாக நடித்தார். அலுப்பாக, குரலை உயர்த்தாமல், ஓர் அலுவலக வேலையை முடிப்பது போல ஏசுவிடம் பேசி அனுப்பிவைப்பார். இந்த மாதிரித் தேர்வுகளைப் பார்க்கும்போது அவருக்கு எது தெரியும், எது வேண்டாம் என்பதில் அவருக்கே தெளிவு இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

'பாஸ்கியா' 1996. ஓவியர் ஜான் மிஷல் பாஸ்கியாவின் கதை, பாஸ்கியாவாக ஜெஃப்ரி ரைட், ஆண்டி வார்ஹோலாகப் போவி. 1971லேயே வார்ஹோலைப் பற்றிப் பாட்டு எழுதி, நேரில் போய்ச் சந்தித்தவர். இந்தப் படத்துக்காக பிட்ஸ்பர்கில் உள்ள வார்ஹோல் அருங்காட்சியகத்திலிருந்து அவருடைய நிஜமான விக்கையும் கண்ணாடியையும் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டார். தெரிந்த ஆளைப் போல மிமிக்ரி செய்து கைதட்டல் வாங்குகிற ஆபத்து இதில் அதிகம். அதைத் தாண்டி, பக்கத்தில் இருப்பவர் மேல் உண்மையான பிரியம் வைத்திருந்தும் அதைச் சொல்லத் தெரியாத ஒரு மனிதரைக் காட்டியிருக்கிறார். வேறொருவராக மாறுகிற போவியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் இதுதான். ஆனால் வார்ஹோல் யார், எழுபது எண்பதுகளின் நியூயார்க் ஓவிய உலகம் எப்படி என்று ஓரளவு தெரியாமல் பார்த்தால் பாதி போய்விடும்.

கடைசியாக 'தி பிரெஸ்டீஜ்', 2006. டெஸ்லா வேடத்துக்கு நோலன் கேட்டபோது போவி முதலில் முடியாது என்றார். நோலன் விடவில்லை, நியூயார்க் போய் நேரில் பேசிச் சம்மதிக்கவைத்தார். மறுத்த நடிகரிடம் திரும்பப் போனது அந்த ஒரு தடவைதான் என்று நோலன் பிறகு சொன்னார். டெஸ்லாதான் அசல் 'பூமியில் விழுந்த மனிதன்' என்று தனக்குத் தோன்றியதாகவும் சொன்னார். மின்பொறிகள் பறக்கிற அறைக்குள் அந்தப் பொறிகளின் நடுவே நடந்து வந்து ஹியூ ஜாக்மனுக்குக் கை கொடுப்பார், கோட்டும் மீசையுமாக, எல்லாவற்றையும் பார்த்துக் களைத்துப் போன ஓர் அகதியைப் போல. மொத்தமே சில நிமிடங்கள். இதைப் பார்த்துப் போவியின் நடிப்பை எடைபோட முடியாது, இரண்டு மணி நேரப் படத்தில் அவர் ஒரு மூலை. ஆனால் ரோக்கின் படத்தைப் பார்த்தவருக்கு அந்தக் கைகுலுக்கல் வேறொன்றாகத் தெரியும். 1976ல் காப்புரிமைகளோடு வந்து மனிதர்களிடம் தோற்றுப்போன அந்நியன், முப்பது வருடம் கழித்து, இன்னொரு கண்டுபிடிப்பாளராக வந்து, இந்த இயந்திரத்தை அழித்துவிடுங்கள் என்று எச்சரித்துவிட்டுப் போகிறான்.

அதனால் மூன்று படம் பார்க்க நேரம் இருக்கிறவர் ஓஷிமா, ரோக், நோலன் என்ற வரிசையில் போகலாம் என்பது என் யோசனை. ஓஷிமாவின் படம் அவர் என்ன செய்யக்கூடியவர் என்று காட்டிவிடும், அந்த நம்பிக்கையோடு ரோக்கிடம் போனால் "இது நடிப்பா?" என்ற சந்தேகம் நம்மைத் தொந்தரவு செய்யாது, படத்தின் தாவல்களையும் பொறுத்துக்கொள்ள மனம் வரும், பிறகு ஏற்கெனவே பார்த்த 'பிரெஸ்டீஜ்' புதிதாகத் தெரியும். தலைகீழாகப் போனவர்கள் எனக்குத் தெரிந்து நிறையப் பேர் ரோக்கின் படத்தில் முக்கால் மணி நேரத்தில் நின்றுவிட்டார்கள். பாட்டுக்காகவே வருகிறவர், போவி பாடாத படம் எனக்கு எதற்கு என்று கேட்கிறவர், 'லேபிரிந்த்' போட்டுக்கொள்ளட்டும், வாக்குவாதமே வேண்டாம்.

ரோக்கின் படத்தில் வரும் அந்த நியூட்டனைப் போவியே கடைசிவரை விடவில்லை. 2015 டிசம்பரில் நியூயார்க்கில் அரங்கேறிய 'லாசரஸ்' இசை நாடகம் அதே பாத்திரத்தின் பிற்காலக் கதை, அதன் முதல் நாளுக்கு வந்ததுதான் அவர் பொதுவில் தோன்றிய கடைசித் தருணம், அடுத்த மாதம் 10ஆம் தேதி போய்விட்டார். எனவே ரோக்கின் படத்தை எப்போது பார்த்தாலும் முழுசாகப் பாருங்கள். அமெரிக்காவில் முதலில் வெளியிட்டபோது விநியோகஸ்தர்கள் சுமார் இருபது நிமிடத்தை வெட்டிவிட்டார்கள், ஏற்கெனவே தாவித் தாவிப் போகிற கதை அதில் சுத்தமாகப் புரியாது. நீங்கள் எடுக்கிற பிரதி 139 நிமிடம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது என்றால் அதை விட்டுவிட்டு வேறு தேடுங்கள்.